எத்தனை சுத்து, யார் எண்ணியது?

மோட்டார் காயில் கட்டும் பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் அங்கே ஒரு டேட்டா நோட்டு இருக்கும். பக்கத்துக்கு ஒரு மோட்டார். எத்தனை எச்.பி., ஸ்டேட்டரில் எத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு எத்தனை சுத்து, எந்த கேஜ் கம்பி, பிட்ச் ஒன்றுக்கு ஆறா ஒன்றுக்கு எட்டா, கனெக்‌ஷன் ஸ்டாரா டெல்டாவா என்று எழுதியிருக்கும். எங்கள் பட்டறை பெரியகுளத்துக்குப் பக்கம், ஜெயமங்கலத்தில் இருக்கிறது. அப்பா தொடங்கியது. காயில் கட்ட அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்; இப்போது நான் நடத்துகிறேன். அப்பாவின் கையெழுத்தில் தொடங்கி, வேலை பார்த்துவிட்டுப் போன பலருடைய கையெழுத்தில் தொடரும் அந்த நோட்டுகள் பீரோவில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. வார்னிஷ் கை பட்டுப் பட்டுப் பக்க ஓரங்கள் விறைத்துப்போயிருக்கும். பட்டறையிலேயே விலை மதிப்பான பொருள் எது என்று கேட்டால் நான் வைண்டிங் மெஷினைக் காட்டமாட்டேன், அந்தத் தட்டைத்தான் காட்டுவேன்.

எரிந்துபோன மோட்டார் வந்ததும் பழைய காயிலை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் எண்ண வேண்டும். சுத்து குறைந்தால் மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்துச் சூடேறும். கூடினால் இழுவை குறைந்து தண்ணீர் மேலே ஏறாது. கம்பியின் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிந்துகொண்டே போகும். 18 கேஜ் கம்பி 1.22 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.91 மில்லிமீட்டர். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அந்த வித்தியாசம் ஒரு மோட்டாரின் ஆயுளையே தீர்மானிக்கும். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் எச்.பி., வோல்ட், ஆம்ப்ஸ், ஆர்.பி.எம். எல்லாம் இருக்கும். உள்ளே எத்தனை சுத்து என்பது இருக்காது. அதைப் பிரித்து எண்ணியவருக்குத்தான் தெரியும்.

எங்கள் பக்கம் நெல், தென்னை, வாழை, கரும்பு, வெற்றிலை. வராக நதியில் தண்ணீர் ஓடும் காலத்திலும் கிணற்றையும் போரையும் நம்பித்தான் பாதித் தோட்டங்கள். கோடையில் கொடிக்காலுக்குத் தண்ணீர் தள்ளிப்போனால் வெற்றிலை வாடிவிடும். மோட்டார் எரிந்தால் அந்த விவசாயிக்கு நாளை என்பது ரொம்பத் தூரம். "இன்னைக்குச் சாயங்காலம் கரண்டு வரும்போது ஓடணும்மா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அப்போது நோட்டைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

நோட்டில் ஏறாத அறிவு அதைவிடப் பெரிது. எரிந்த மோட்டாரைத் திறந்ததும் கருகலைப் பார்க்க வேண்டும். ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு பேஸ் கருகி ஒரு பேஸ் மட்டும் புதுசு போல இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது லைனில் ஒரு பேஸ் போயிருக்கிறது என்று அர்த்தம். டெல்டாவாக இருந்தால் ஒரே ஒரு பேஸ் கருகியிருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது வோல்டேஜ் குறைவு, அல்லது பம்பு சிக்கியிருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் காயிலை மட்டும் கட்டிக் கொடுத்தால் அதே மோட்டார் அதே மாதத்தில் திரும்பி வரும். இதை அப்பா எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஸ்டேட்டரை வெயிலில் திருப்பிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்தது சித்தப்பா. போரில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. எந்தத் தோட்டத்துப் போர் எத்தனை அடி, எத்தனை பைப் இறங்கியிருக்கிறது, எந்த இடத்தில் கேசிங் கோணலாக இருந்து மோட்டார் உரசும், யார் வீட்டு ஸ்டார்ட்டரில் ரிலேயை நேராக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மோட்டார் ஓடும் சத்தத்தைப் போனில் கேட்டே புஷ் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்படிச் சொல்லில் அடங்காமல் கையிலும் காதிலும் இருக்கும் அறிவைப் பற்றி மைக்கேல் போலான்யி என்ற சிந்தனையாளர் 1966-ல் ஒரு புத்தகமே எழுதினார். பட்டறைகளில் அது எப்போதுமே தெரிந்த சங்கதி. சித்தப்பா தன் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கிய காலத்தில்தான் எனக்கு அதன் பாரம் முழுதாகத் தெரிந்தது. கடைப் பையன் தோட்டத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் போடுவான். நான் சித்தப்பாவுக்குப் போடுவேன். அவர் பஸ்ஸில் இருந்தால் எடுக்கமாட்டார். எங்கள் நாலு பேர் கடைக்குத் தெரிந்ததில் பாதி ஒரே ஒருவர் தலைக்குள் இருந்தது.

ஏஐ நோட்டு என்ற பேச்சு என் காதில் விழுந்தது அந்த நேரத்தில்.

கம்ப்யூட்டர் உலகத்தில் இப்போது இந்த வகைக் கருவிகள் பல வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் உங்கள் தாள்களையும் குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் ஓர் இடத்தில் போடுகிறீர்கள். பிறகு சாதாரணப் பேச்சில் கேள்வி கேட்கிறீர்கள். அது இணையத்தில் கிடப்பதையெல்லாம் கலந்து சொல்லாமல், நீங்கள் போட்டதற்குள் தேடிப் பதில் சொல்லி, எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்று பக்கத்தில் ஒரு சின்ன எண்ணையும் போடும். கூகுள் 2023 மே மாதம் 'புராஜெக்ட் டெய்ல்விண்ட்' என்ற பெயரில் இதை அறிவித்தது; அதே ஆண்டு ஜூலையில் 'நோட்புக்எல்எம்' என்று பெயர் மாற்றியது. 2024 ஜூனில் இந்தியாவுக்கும் வந்தது. அதை உருவாக்கிய குழுவில் ஸ்டீவன் ஜான்சன் என்ற அமெரிக்க எழுத்தாளரும் ஒருவர். புத்தகம் எழுதுவதற்காகக் குறிப்பு சேர்த்துச் சேர்த்துப் பழகிய மனிதர் உடனிருந்து செய்ததாலோ என்னவோ, எந்தப் பதிலுக்கும் மூலத்தைக் காட்டும் பழக்கம் அதில் ஊறியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2025-ல் தன்னுடைய கோபைலட்டுக்குள்ளும் நோட்புக் என்ற வசதியைக் கொண்டுவந்தது. அது வேர்டு, எக்ஸெல், மின்னஞ்சல் என்று ஓடும் பெரிய ஆபீஸ்களுக்கு. நம் ஊர் ஸோஹோவின் நோட்புக் செயலியிலும் ஏஐ சேர்ந்திருக்கிறது. எது நல்லது என்று தரம் பிரிக்க நான் வரவில்லை. எங்கள் கையில் இருப்பது கூகுளுடையது, காசு கட்டாத கணக்கு. அதில் ஒரு நோட்டுக்குள் 50 மூலங்கள் வரை போடலாம், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் சொற்கள் வரை இருக்கலாம். ஒரு பட்டறைக்கு அது தாராளம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எந்த மெஷினையும் நம்பமாட்டேன். அதனால் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்த வகைக் கருவிகள் பொதுவாக நாம் கொடுத்த எழுத்தைச் சிறு சிறு துண்டுகளாக்குகின்றன. ஒவ்வொரு துண்டின் பொருளையும் ஒரு நீளமான எண்வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. பொருள் நெருங்கிய துண்டுகளுக்கு எண்வரிசையும் நெருங்கியிருக்கும். நாம் கேட்கும் கேள்வியும் அதே மாதிரி எண்ணாக மாறும்; அதற்கு மிக அருகில் இருக்கும் துண்டுகளை எடுத்து, மொழி மாதிரி என்கிற அந்தப் பெரிய ஏஐயிடம் கொடுத்து, "இதை மட்டும் வைத்துப் பதில் எழுது" என்று சொல்லப்படும். 2020-ல் பேட்ரிக் லூயிஸும் அவருடன் இருந்த ஆராய்ச்சியாளர்களும் எழுதிய ஒரு கட்டுரை இந்த முறைக்குப் பெயர் வைத்துப் பரவலாக்கியது.

இதில் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம், சொல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது. அப்பா "டிஸ்சார்ஜ் கம்மி" என்று எழுதியிருப்பார். சித்தப்பா "தண்ணி ஏறல" என்பார். கடைப் பையன், ஐ.டி.ஐ. படித்தவன், "ஹெட் பத்தல" என்று எழுதுவான். சாதாரணத் தேடலில் ஒன்றைப் போட்டால் மற்ற இரண்டும் வராது. இதில் மூன்றும் வருகின்றன.

நோட்டை ஏற்றிய கதை கொஞ்சம் நீளம். முதலில் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்தோம். அச்செழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கையெழுத்தை, அதுவும் எண்ணெய்க் கறையும் அடித்தல் திருத்தலும் உள்ள தமிழ்க் கையெழுத்தை, மெஷின் சரியாகப் படிப்பதில்லை. எங்கள் தொழிலில் ஓர் எண் தப்பினால் ஒரு மோட்டார் போச்சு. 6 என்று இருப்பதை 8 என்று படித்துவிட்டால் பிட்ச்சே மாறிவிடும். ஆகவே படத்தை ஆதாரமாக மட்டும் வைத்துக்கொண்டு, பையன் வாய்விட்டுப் படிக்க நான் தட்டச்சு செய்தேன். பிறகு இடம் மாறி, நான் படிக்க அவன் சரிபார்த்தான். மத்தியானம் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் அந்த வேலைதான் நடந்தது. அந்த வேலையே பையனுக்கு ஒரு படிப்பாகிவிட்டது. "அக்கா, அஞ்சு எச்.பி.யில மட்டும் ஏன் இத்தனை தினுசு?" என்று அவனாகவே கேட்க ஆரம்பித்தான். தாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை வெளியில் கூலிக்குக் கொடுத்து முடித்துக்கொள்ளும் நிறுவனங்களிடம் இதைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்: உங்கள் ஆட்களையே உட்காரவையுங்கள். படித்துப் படித்து ஏற்றும்போது அவர்களுக்குக் கிடைப்பது அப்புறம் எந்தக் கேள்வி பதிலிலும் கிடைக்காது.

சித்தப்பா எழுதமாட்டார். அவருக்கு வாட்ஸ்ஆப்பில் பேசிப் பதிவுசெய்யத் தெரியும். ஒவ்வொரு தோட்டத்திலும் வேலை முடிந்ததும், வண்டியில் ஏறுவதற்கு முன், அங்கேயே நின்று பேசி அனுப்பச் சொன்னேன். "மேமங்கலம் ரோட்டுத் தென்னந்தோப்பு. போர் பழசு. பாதிக்கு மேல கேசிங் சாஞ்சிருக்கு, மோட்டாரை வேகமா எறக்கக் கூடாது, கேபிள் உரசும். நான் டேப்பு ரெண்டு சுத்து கூடச் சுத்திருக்கேன்" என்று இந்த மாதிரி இருக்கும். ஒலியை எழுத்தாக்கும் கருவி தமிழில் இப்போது ஓரளவு தேறிவிட்டது. ஆனாலும் எங்கள் தேனிப் பேச்சும் தொழில் சொல்லும் சேர்ந்து வரும்போது தடுமாறும். கப்பியைக் காப்பி என்று எழுதும். அதைத் திருத்திச் சேர்ப்பது என் வேலை. ஒலிப்பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். எழுத்தில் சந்தேகம் வந்தால் அவர் குரலையே கேட்டுக்கொள்ளலாம்.

இனி ஒரு மோட்டாரைச் சொல்கிறேன். ஏழரை எச்.பி., கிணற்று மோனோபிளாக். முழுக்கக் கருகி, எண்ண முடியாத நிலையில் வந்தது. பையன் போனில் கேட்டான். "காயிலுக்கு 44 சுத்து" என்று பதில் வந்தது, பக்கத்தில் மூல எண்ணோடு. அவன் கம்பியை எடுக்கப் போனான்.

"தம்பி, நம்பரைத் தொட்டுப் பாரு."

தொட்டால் அப்பா எழுதிய பக்கம் திறந்தது. 44 சுத்து என்பது சரிதான். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், "வெளியில் கட்டி வந்தது, கம்பெனி கட்டு இல்லை" என்று இருந்தது. அதாவது யாரோ எங்கேயோ கட்டிய காயிலை அப்பா எண்ணி எழுதியிருக்கிறார். அது சரியான கட்டா என்று அவருக்கே உறுதி இல்லை. "கம்பெனி கட்டு மட்டும் சொல்லு" என்று மறுபடி கேட்கச் சொன்னேன். இரண்டு நோட்டு தள்ளி வேறொரு பக்கத்தைக் காட்டியது. அதே கம்பெனி, அதே எச்.பி., 48 சுத்து, "பிரித்து எண்ணியது" என்று தெளிவாக இருந்தது. நான்கு சுத்து குறைத்துக் கட்டியிருந்தாலும் மோட்டார் ஓடியிருக்கும். ஆனால் சூடேறிக்கொண்டே ஓடி, ஏதோ ஒரு கோடை இரவில் நின்றிருக்கும். 48 போட்டுக் கட்டினோம்.

மெஷின் அங்கே பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு எழுதியிருந்ததை எடுத்துக் கொடுத்தது. எழுதியவர் அதை எந்த அளவுக்கு நம்பி எழுதினார் என்பதுதான் பதிலில் வரவில்லை. மொழி மாதிரி எதையும் ஒரே திடமான குரலில் சொல்லும். எண்ணிப் பார்த்துச் சொன்னதும், காதில் விழுந்ததும், ஊகமும் அந்தக் குரலில் ஒன்றாகிவிடுகின்றன. வேலை செய்யும் இடத்தில் இதைவிட ஆபத்து வேறு இல்லை என்று நினைக்கிறேன். இந்தக் கருவிகள் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கின்றன, எவ்வளவு அழகாகச் சுருக்கித் தருகின்றன என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சின்ன எண் போதும். யார் சொன்னது, எப்போது சொன்னது, எப்படித் தெரிந்து சொன்னது என்று போய்ப் பார்க்க ஒரு வழி இருந்தால்தான் நான் கம்பியை வெட்டுவேன்.

அதனால் இப்போது எங்கள் நோட்டில் எது ஏறினாலும் யார் பெயர், என்ன தேதி என்பதோடு, "எண்ணியது", "கேட்டது", "ஊகம்" என்ற மூன்றில் ஒரு சொல் கட்டாயம். அப்பா காலத்துப் பக்கங்களுக்கும் முடிந்தவரை கையெழுத்தை வைத்துப் பெயர் போட்டோம். கையெழுத்தே தெரியாத பக்கங்கள் "ஊகம்" என்ற தலைப்பில் போயின. கேள்வி கேட்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி நோட்டிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம். பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

இந்தப் பெயர் விஷயம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1980-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடமான பார்க்கில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர், ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளோடு ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றினார். கம்பெனி அவர்களுக்குப் படிப்படியாக வழி சொல்லும் கனத்த கையேடுகளைக் கொடுத்திருந்தது. மெஷின்களோ கையேட்டைப் படித்துவிட்டுப் பழுதாவதில்லை. மெக்கானிக்குகள் காலையில் ஒன்றுகூடிச் சாப்பிடும்போது, "நேத்து அந்த மெஷின்ல என்ன ஆச்சுன்னா" என்கிற தோரணையில் கதை கதையாகப் பேசிக்கொள்வார்கள். அந்தக் கதைகளில்தான் உண்மையான தொழில் அறிவு கைமாறியது என்று அவர் கண்டார். 1996-ல் அதைப் புத்தகமாக எழுதினார். அந்தப் புரிதலிலிருந்து 1990-களில் யுரேகா என்ற ஏற்பாடு பிறந்தது. ஒரு மெக்கானிக் கண்டுபிடித்த தந்திரத்தை எழுதி அனுப்புவார், தேர்ந்த சக மெக்கானிக்குகள் சரிபார்ப்பார்கள், பிறகு அது எல்லோருக்கும் போகும். முதலில் பிரான்சில் நடைமுறைக்கு வந்தது. தந்திரம் கொடுத்தவருக்குப் பணம் கொடுக்கலாமா என்ற யோசனை வந்தபோது, அதைவிடக் குறிப்போடு தங்கள் பெயர் வருவதையே மெக்கானிக்குகள் விரும்பினார்கள் என்று அதில் பங்கெடுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

முதல்முறை இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. எங்கோ பிரான்சில் மை படிந்த கையோடு நின்ற மெக்கானிக்கும் எங்கள் சித்தப்பாவும் ஒரே தொழில்காரர்கள்.

நமக்குப் பக்கத்திலும் இதற்கு ஒரு மரபு உண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியராக இருந்த அனில் குப்தா 1980-களின் கடைசியில் தொடங்கிய ஹனி பீ நெட்வொர்க், விவசாயிகளும் கைவினைஞர்களும் தாங்களே கண்டறிந்த உத்திகளைச் சேகரிக்கிறது. சொன்னவரின் பெயரும் ஊரும் இல்லாமல் அவர் அறிவை வெளியிடக் கூடாது, சேகரித்ததை அவரவர் மொழியிலேயே அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும், அதில் லாபம் வந்தால் அவருக்கும் பங்கு போக வேண்டும் என்பது அதன் கொள்கை. மதுரையிலுள்ள சேவா நிறுவனம் 'நம்வழி வேளாண்மை' என்ற பெயரில் அதைத் தமிழில் கொண்டுவந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோதும், ஊர்க்காரர்களே, அதிலும் பெண்கள் பலர், தகவல் திரட்டிப் பலகையில் எழுதிப் போட்டார்கள். மீனவக் கிராமங்களில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று நல்லவாட்டில் அந்த ஒலிபெருக்கிதான் மக்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியது. தகவல் அங்கே ஊருடையதாக இருந்தது. ஏஐ நோட்டு வைத்திருக்கும் கம்பெனிகள் யோசிக்க வேண்டிய இடம் அது. சேகரித்த அறிவு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் போனால், இந்தப் பக்கம் இருப்பவர் சீக்கிரமே பேசுவதை நிறுத்திவிடுவார்.

எங்கள் நோட்டு கடையில் எல்லோர் போனிலும் திறக்கும். பார்க்க மட்டும் முடிகிற அனுமதி, மாற்றவும் முடிகிற அனுமதி என்று இரண்டு உண்டு. எங்களில் எல்லோருக்கும் இரண்டாவதைத்தான் கொடுத்திருக்கிறேன். 2025 ஏப்ரலில் நோட்புக்எல்எம், ஏற்றியதை இரண்டு பேர் உரையாடுவது போல ஒலியாக மாற்றித் தரும் வசதியைத் தமிழ் உட்பட 50-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது. சித்தப்பா காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். அவர் சொன்ன தோட்டத்துச் சங்கதியை வேறு குரல்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றது சரி, ஆனா கேபிள் ஜாயிண்ட்டை விட்டுடுச்சு" என்று திருத்தம் சொல்வார். அந்தத் திருத்தமும் நோட்டில் ஏறும். இப்படி ஏறியவை, நேராகக் கேட்டபோது சொன்னதைவிட அதிகம்.

எதை ஏற்றக் கூடாது என்பதிலும் நாங்கள் கண்டிப்பு. வாடிக்கையாளரின் போன் நம்பர், கடன் பாக்கி, யார் திருட்டுத்தனமாகக் கூடுதல் எச்.பி. போட்டிருக்கிறார் என்ற விவரம் எதுவும் போகாது. அவை எங்கள் கடையை நம்பிச் சொன்னவை, வெளியூர் கம்ப்யூட்டரில் போய் உட்கார வேண்டியவை அல்ல. தோட்டத்துக்கு ஒரு குறியெண். எது யாருடையது என்பது பழையபடி காகிதத்தில்தான் இருக்கிறது. காகித நோட்டையும் விடவில்லை. நெட் இல்லாத தோட்டத்தில் போன் வெறும் டார்ச் லைட். புதிய மோட்டார் வந்தால் முதலில் பேனா, பிறகுதான் தட்டச்சு.

சித்தப்பா தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டார். குரலில் கோபம் இல்லை. "எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்குத்தா?"

இந்தக் கேள்வியை ஆபீஸ்களில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் ஏஐ நோட்டு நுழையும் ஒவ்வோர் இடத்திலும் அது இருக்கிறது. பலர் நோட்டில் எழுதாமல் தள்ளிப்போடுவதற்குக் காரணம் சோம்பல் என்று மேலதிகாரிகள் நினைக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லிவிட்டால் தன் இடம் போய்விடும் என்ற பயம் அது, நியாயமான பயம். காயில் தொழிலில் டேட்டா நோட்டைப் பூட்டி வைக்கும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. அதைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் குடும்பங்களுக்கு வேறு சொத்து இல்லை.

சித்தப்பாவுக்கு நான் வார்த்தையால் பதில் சொல்லவில்லை, கணக்கால் சொன்னேன். அவர் பேசி அனுப்பிய குறிப்பை வைத்துப் பையன் தனியாகப் போய் முடித்த வேலைக்கு, கூலியில் ஒரு பங்கு சித்தப்பா பெயரில் ஏறும். எந்த வேலைக்கு எந்தக் குறிப்பு பயன்பட்டது என்பது மூல எண்ணைப் பார்த்தாலே தெரியும் என்பதால் அதில் தகராறு வருவதில்லை. போரில் இறங்கி ஏறி முழங்கால் தேய்ந்த மனிதருக்கு, வீட்டிலிருக்கும் நாளிலும் அவர் அறிவுக்குக் கூலி வருகிறது. சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது அவர் அந்த வரியை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்வார். இப்போது பழைய போர்களைப் பற்றிக் கேட்காமலே பேசி அனுப்புகிறார், எனக்கே தெரியாத அப்பா காலத்துத் தோட்டங்கள் உட்பட.

வடுகபட்டியிலும் பெரியகுளத்திலும் காயில் கட்டும் சிலர் எங்கள் நோட்டில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அவர்களிடமும் அடுக்கடுக்காக டேட்டா நோட்டு இருக்கிறது. சேர்ந்தால் பெரியகுளம் வட்டாரத்தில் ஓடும் அத்தனை மோட்டாருக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கும். மோட்டார் விவரத்துக்கு மட்டும் தனி நோட்டு ஒன்று தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் சுத்து, கேஜ், பிட்ச், கனெக்‌ஷன், எண்ணியவர் பெயர், தேதி இவ்வளவும் போகும். தோட்டங்களின் விவரம் போகாது, அது அந்தந்தக் கடைக்கும் அந்தந்த விவசாயிக்கும் நடுவில் இருப்பது. "ஊகம்" என்று குறித்தவை வேண்டாம், எண்ணியவை மட்டும் போதும் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழுக்கக் கருகி எண்ண முடியாமல் வரும் மோட்டாருக்கு ஊகமும் தேவைப்படும், அதன் மேல் ஊகம் என்று எழுதியிருந்தால். அந்த ஒரு விஷயத்தில்தான் பேச்சு இன்னும் முடியாமல் இருக்கிறது.